கொண்டை வெளுத்த கோழிகள்

என் ஓரகத்தி செங்கமலத்தைப் போல் ஒரு சுத்தக்காரியைப் புத்தூர்ப் பக்கம் எங்கே தேடினாலும் கிடைக்காது. கேஸ் சிலிண்டருக்கே சோப்புப் போட்டுக் கழுவுகிறவர். போன கோடையில் வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டு நாட்டுக்கோழிக் குஞ்சுகளை இறக்கினார். தரையில் கடலைத் தோல் பரப்பியிருந்தது. தூசு பறக்கிறது என்று தினமும் காலையில் அதன்மேல் தண்ணீர் தெளிப்பார். வாசலுக்குத் தெளிப்பது சரி, கொட்டகைக்குள் எதற்கு அக்கா என்று கேட்டேன்.

"நீ உன் ஊட்டப் பாத்துக்கினு போ" என்றார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. குஞ்சுகள் இறக்கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு மூலையில் ஒடுங்கின. கொண்டையெல்லாம் வெளுத்துப்போனது. எச்சத்தில் ரத்தம். அப்புறம் ஒவ்வொன்றாகச் சாக ஆரம்பித்தன. எங்கோ பறவைக் காய்ச்சல் வந்து, ஓர் ஊர்க் கோழிகளையே குழி தோண்டிப் புதைத்ததை அந்த வாரம்தான் டிவியில் காட்டியிருந்தார்கள். அக்கா கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டார்.

"யாராண்டயும் சொல்லாத கௌசிகா. என் கோழி போனா போவுது. என்னால தெருவுக் கோழி எல்லாத்தயும் பொதைச்சிட்டாங்கன்னா, நான் எந்த மூஞ்ச வெச்சிக்கினு நடப்பேன்?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "மூடி வெச்சா நோய் போயிடுமா? கெளம்பு அக்கா" என்றேன்.

செத்த கோழி ஒன்று, சோர்ந்த கோழி ஒன்று. இரண்டையும் அட்டைப்பெட்டிகளில் வைத்து, என் வீட்டுக்காரர் ரவியின் ஆட்டோவில் திருப்பதிக்குக் கொண்டுபோனோம்.

கால்நடை டாக்டரம்மா செத்ததை அறுத்துப் பார்த்தார். குடலின் கடைசியில் இருக்கும் இரண்டு பைகளும் ரத்தம் கட்டி உப்பியிருந்தன. உயிரோடிருந்ததன் இறக்கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். சாயம் போன மாதிரி இருந்தது. மெல்லிய குழாயில் ஊற்றி மிஷினில் சுற்றவிட்டதும் அடியில் கொஞ்சம்தான் சிவப்பு, மேலே எல்லாம் வெளிறிய தண்ணீர்.

"இதி பர்ட் ஃப்ளூ காதம்மா" என்றார் டாக்டர். பறவைக் காய்ச்சல் இல்லை என்று கேட்டதுமே அக்கா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

இது ரத்தக் கழிச்சல். கண்ணுக்குத் தெரியாத ஒட்டுண்ணி குடலை அரித்து ரத்தத்தை வடித்துவிடுகிறது, அதனால்தான் கொண்டை வெளுத்தது, மருந்து உண்டு என்றார். எச்சத்தில் விழும் கிருமி ஈரத்தில்தான் வீரியமாகும். கோழிகள் கிளறும்போது அதையே திரும்பக் கொத்தித் தின்னும். "தரை ஈரமா இருக்குமா?" என்று கேட்டார்.

"தெனமும் தண்ணி தெளிச்சி சுத்தமா வெச்சிக்கினு இருக்கேன், மேடம்" என்றார் அக்கா, பெருமையாக.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். சிரித்திருந்தால் வீட்டில் எனக்குத்தான் பூசை.

ஈரத் தோலை வாரிக் கொட்டிவிட்டுக் காய்ந்ததைப் பரப்பினோம். குடிதண்ணீரில் மருந்தைக் கலந்து வைத்தோம். அதற்குப் பிறகும் சில செத்தன. டாக்டர் சொன்னதை அக்கா முழுதாக நம்பவேயில்லை. அப்புறம் ஒருநாள் விடியலில் என்னைக் கூப்பிட்டார். ஒரு குஞ்சைக் கையில் ஏந்திக்கொண்டு நின்றார். அதன் கொண்டை சிவந்திருந்தது.

கை காலைத் தேய்த்துக் கழுவிவிட்டுத் தெருவில் இறங்கினார். வீடு வீடாகப் போய், தன் கோழிகளுக்கு வந்தது என்ன, எப்படிக் குணமானது என்று ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டார். யாராண்டயும் சொல்லாதே என்று என் வாயை அடைத்தவர்தானே இவர் என்று நான் பல்லைக் கடித்துக்கொண்டு பின்னாலேயே போனேன்.

"உன்ன யாரு கேட்டாங்க அக்கா?"

"யாரும் கேக்கலடி. அவங்க கோழிங்க இந்தச் சீக்கு வராம மேயறத என் கண்ணால பாக்கணும். அப்பதான் எனக்குச் சோறு எறங்கும்."