நிழல் நுனியில் ஒரு கல்

என் சித்தி ஆசிரியர்களுக்கு ஆசிரியர். நாலு சுவருக்குள்ளேயே அறிவியல் நடத்திப் பழகியவர்களை வெளியே இழுத்து வந்து, குட்டைத் தண்ணீரை ஜாடியில் மொள்ள வைப்பார். கயிற்றைச் சதுரமாகத் தரையில் போட்டு, அதற்குள் எத்தனை வகைப் புல் என்று எண்ண வைப்பார். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டுவிட்ட நான், அவருடைய கயிறுகளையும் பூதக்கண்ணாடிகளையும் சுமப்பவள்.

சித்தி எதற்கும் விடை சொல்லமாட்டார். ஒரு வாத்தியார் புழுவை நீட்டி, "இது என்ன மேடம்?" என்றால், "உங்களுக்கு என்ன தெரியுது? எத்தனை காலு, எண்ணுங்க. தெரிஞ்சதை எழுதாதீங்க சார், பாத்ததை எழுதுங்க" என்பார். ஆகா, என்ன ஒரு கற்பிக்கும் முறை என்று எல்லாரும் மெச்சினார்கள். உண்மை எனக்கு மட்டும் தெரியும்.

போன வருடம் அவருடைய சாப்பாட்டுத் தட்டில் ஒரு ரப்பர் பல்லியை வைத்தேன். அலறலில் வீடு இரண்டாகப் போகிறது என்று கதவுக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன். சித்தி அதை விரலால் தடவி, ஏதோ காய்த்தோல் என்று ஓரமாக ஒதுக்கிவிட்டுச் சாப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"எவ்வளவு நாளா சித்தி?"

"ஆச்சு, ரெண்டு வருஷம். நடுவுல இருந்து இருட்டிக்கிட்டே வருது. ஓரத்துல புகை மாதிரி கொஞ்சம் மிச்சம். டாக்டரும் கையை விரிச்சுட்டார்." தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "வெளிய மூச்சு விட்டே, தோலை உரிச்சுடுவேன். இந்த வேலையும் போனா நான் என்னடி பண்ணுவேன்? வீட்ல உக்காந்து உன் குறட்டையை எண்ணவா?"

அன்றிலிருந்து அவருக்காகத் தும்ம ஆரம்பித்தேன். பள்ளம் என்றால் ஒரு தும்மல், எதிரே ஆள் வந்தால் இரண்டு. எனக்குத் தீராத சளி என்று நினைத்து ஆசிரியர்கள் மாத்திரை வாங்கித் தந்தார்கள்.

ஒருநாள் மைதானத்தில் நிழல் பயிற்சி. ஒரு கம்பை நட்டு, பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழலின் நுனியில் ஒரு கூழாங்கல் வைக்க வேண்டும். மேலதிகாரியும் வந்திருந்தார். தன் காலணியின் பளபளப்பைத் தானே ரசித்துக்கொண்டு நடக்கிற ஆள். அவர் பின்னால் போய்க் காற்சட்டையில் ஒட்டுப்புல்லை ஒவ்வொன்றாக ஒட்டிக்கொண்டிருந்தேன். ஏழாவதை ஒட்டும்போது நகர்ந்துவிட்டார். சித்திக்குக் கண் தெரியாததை யாரோ அவர் காதில் போட்டிருக்க வேண்டும். நேரே போய்க் கம்பைப் பிடுங்கினார். முப்பது ஆசிரியர்களையும் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.

சித்தியின் கைக்கடிகாரம் கீச்சிட்டது. "நேரமாச்சு. நிழல் நுனியில கல்லு வைங்க. என்ன தெரியுது?"

கம்பே இல்லை என்பதற்கு எத்தனை தும்மல் என்று நாங்கள் பேசி வைக்கவில்லை.

குண்டுக் கணக்கு வாத்தியார் மட்டும் மெதுவாக, "முன்னைக்குக் கொஞ்சம் குட்டையா இருக்கு மேடம்" என்றார்.

"எத்தனை விரக்கடை?"

"கம்பு என் கையில இருக்கு மேடம்" என்றார் அதிகாரி.

சித்தி முழங்காலிட்டு, எல்லார் முன்னாலும் மண்ணைத் தடவித் தடவி, கம்பு இருந்த குழியைத் தேடிப் பிடித்தார். அதற்குள் விரலை விட்டார்.

"மூணு விரக்கடை ஆழம்" என்றார். "எழுதிக்குங்க சார்."

எட்டாம் நாள் கடிதம் வந்தது. பிரித்தேன். இல்லாததைப் படிக்க எனக்கா தெரியாது? சம்பள உயர்வு என்றே படித்திருப்பேன். தொண்டையைச் செருமினேன்.

"பாத்ததை மட்டும் படிடி" என்றார்.

படித்தேன். என் படிப்புக்கு எழுத்துக் கூட்டித்தான் வரும். 'பணியிலிருந்து விடுவிக்கப்படுகிறார்' என்பதை மூன்று தடவை முட்டித்தான் தாண்டினேன். சித்தி ஒருமுறைகூடக் குறுக்கே பேசவில்லை. முழுதாய் முடிகிற வரை கேட்டுக்கொண்டிருந்தார்.