பத்தாவது கட்டம்

மணவாளக்குறிச்சி எபிசன் ஷார்ஜாவில் பதினொரு வருடம் இருந்தான். ஏசி மெக்கானிக். கடைசி நாலு வருடம் வேலையும் இல்லை, விசாவும் இல்லை. கம்பெனியை இழுத்துப் பூட்டிவிட்டு முதலாளி எங்கேயோ போய்த் தொலைந்தான். போலீஸ் கண்ணில் படாமல் ஆறு பேர் தங்கும் அறையில் ஒளிந்து கிடந்தான் எபிசன்.

அந்த அறையில் யாரோ விட்டுப்போன பழைய பிளேஸ்டேஷனும் ஒரே ஒரு டிஸ்கும் கிடந்தன. நிஞ்சா விளையாட்டு. முகத்தை மூடிய ஒருத்தன் ஓட்டுக்கூரை மேல் பதுங்கிப் போய், காவல்காரன் முதுகைக் காட்டும் நேரம் பார்த்து ஆளை முடிக்க வேண்டும். யார் கண்ணிலும் படாமல் கட்டத்தை முடித்தால் பெரிய பட்டம். ஒருத்தன் பார்த்தாலும் பட்டம் போச்சு. மற்றவர்கள் வேலைக்குப் போன பகல்களில், டிவி சத்தத்தை அடைத்துவிட்டு விளையாடினான். மொத்தம் பத்துக் கட்டம். ஒன்பதில் பெரிய பட்டம் வாங்கிவிட்டான். ஒளிகிற வேலையை அவனுக்கு யார் சொல்லிக்கொடுக்க வேண்டும்?

விசா இல்லாதவர்களுக்குப் பொதுமன்னிப்பு அறிவித்தபோது ஊருக்கு வந்தான். போன மச்சான் திரும்பி வந்தான் பூமணத்தோட என்று சும்மாவா சொன்னார்கள்? பெட்டியில் அந்தப் பிளேஸ்டேஷன்தான் இருந்தது. நம் பக்கத்தில் கல்ஃபுக்காரன் பெட்டியைச் சொந்தபந்தம் முன்னால்தான் திறக்க வேண்டும். அவன் மனைவி ஜெபகுமாரி கெட்டிக்காரி. நாகர்கோவிலில் ஒரு கடையில் வெளிநாட்டு சோப்பும் சாக்லேட்டும் கோடாலித் தைலமும் வாங்கி வந்து, ஆட்கள் வருமுன் பெட்டியில் அடுக்கிவிட்டாள். வந்தவர்கள் ஆளுக்கொரு சோப்பு வாங்கி முகர்ந்துவிட்டு, வழக்கமான கேள்வியைக் கேட்டார்கள்.

"எப்பம் திரிச்சுப் போற?"

"ரெண்டு மாசம் லீவு," என்று அவனுக்கு முந்திப் பதில் சொன்னாள் ஜெபகுமாரி.

சொல்லிவிட்டாள். ரெண்டு மாதமும் ஓடிவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம், முழு ஆளை எங்கே மறைப்பது? ஷார்ஜாவுக்குத் திரும்பிவிட்டான் என்று ஊரில் சொல்லிவிட்டு, தக்கலையில் வாடகைக்குப் பிடித்த வீட்டின் பின்னறையில் மறைத்தார்கள். மகள் ஜினிஷாவுக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம். அப்பா ஷார்ஜாவில் என்றால் மதிப்பு. அப்பா வீட்டில் சும்மா இருக்கிறார் என்றால் எவன் படியேறுவான்?

"அவ கல்யாணம் முடியட்டு. பெறவு வெளிய வந்துக்கிடலாம்," என்றாள் ஜெபகுமாரி. வெளியே போகாதவன் வேலை தேடுவது எப்படி என்று அவளும் சொல்லவில்லை, அவனும் கேட்கவில்லை. ஒன்பது கட்டம் ஜெயித்தவனுக்கு வாய் மட்டும் இல்லை.

சனிக்கிழமை மாப்பிள்ளை வீட்டார் வருவதாக ஏற்பாடு. காலையில் ஜினிஷா பின்னறைக்குச் சாயா கொண்டுவந்தாள்.

"அப்பா, அவிய நல்ல ஆளுவன்னு தோணிச்சின்னா நான் உள்ளதச் சொல்லிருவேன். உங்கள விளிப்பேன். சட்டைய மாத்திட்டு இருங்க."

"அம்மைக்குத் தெரியுமா மக்களே?"

"அம்மைக்குத் தெரியண்டாம்."

எபிசன் சவரம் செய்தான். கோவிலுக்குப் போட வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டான். கார் வந்து நின்றதும் கதவைச் சாத்தி, சத்தத்தை அடைத்து, பத்தாவது கட்டத்தில் உட்கார்ந்தான். கை மட்டும்தான் விளையாடியது. காது முழுக்க முன்னறையில் இருந்தது.

பேச்சு நன்றாகத்தான் போனது. வந்தவர்களில் ஒரு பெண்பிள்ளை, "அந்த ரூம்ல ஆரு?" என்று கேட்டாள்.

"ஆருமில்ல. அரிசியும் தேங்காயும் கெடக்கு," என்றாள் ஜெபகுமாரி.

பிறகு மாப்பிள்ளையின் அப்பா நேராக ஜினிஷாவிடமே கேட்டார். நல்ல மனிதர், குரலிலேயே தெரிந்தது. "அப்பா எப்பம் வருவாரு மக்களே?"

எபிசன் எழுந்துவிட்டான். கை கதவின் கொண்டிக்குப் போனது. ஷார்ஜாவில் போலீஸ் படியேறிய நாளில்கூட நெஞ்சு இப்படி அடித்ததில்லை. கூப்பிடு மக்களே, கூப்பிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினான்.

"இப்பந்தான மாமா லீவுல வந்துட்டுப் போனாவ," என்றாள் ஜினிஷா. "கல்யாணத்துக்கு லீவு கெடைக்குமான்னு தெரியல்ல."

கார் கிளம்பிப் போன பிறகு ஜினிஷா, மிஞ்சிய ஏத்தங்காய் சிப்ஸைக் கிண்ணத்தில் போட்டுக்கொண்டு உள்ளே வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. வெள்ளைச் சட்டையை அவள் கவனிக்கவில்லை.

"அவியளுக்குப் பிடிச்சுப் போச்சுப்பா. ஆரும் பாக்கல்ல. ஒரு சத்தங்கூட வெளிய வரல்ல. நீங்க வல்லிய ஆளுதான்."

வந்த நாளிலிருந்து மகள் அவனைப் பாராட்டியது அதுதான் முதல் தடவை. தலையை ஆட்டினான். அவள் போனதும் திரும்ப உட்கார்ந்தான்.

பத்தாவது கட்டத்தில் இன்னும் ஒரே ஒரு முற்றம்தான் பாக்கி. அதுவரை எவன் கண்ணிலும் படவில்லை. எபிசன் நிஞ்சாவைக் கூரையிலிருந்து கீழே இறக்கி, வெளிச்சத்தில் நடத்தி, காவல்காரனுக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தினான். காவல்காரன் திரும்பினான். பார்த்தான். வாளை உருவிக்கொண்டு ஓடிவந்தான்.

எபிசன் ஒரு பட்டனையும் தொடவில்லை. ஊருக்கு வந்த பிறகு அவனைப் பார்த்து ஓடிவந்தவன் அந்த ஒருத்தன்தான்.