ஒரு கல்லுக்கு ஒரு சரக்கு

அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு ஓட முடியாது. என் பிழைப்பில் இருந்த பெரிய தொல்லை அதுதான். சிங்கப்பூர் தேக்கா மார்க்கெட்டைச் சுற்றி நடைபாதையில் உட்கார்ந்து விற்ற மற்ற எல்லாரும் ஓடத் தெரிந்தவர்கள். கீரைக்காரர் சாக்கின் நாலு முனையையும் சேர்த்துப் பிடித்தால் கடை மூடியாயிற்று. கடலைக்காரர் தட்டைத் தலையில் ஏற்றினால் கடை மூடியாயிற்று. லைசென்ஸ் இல்லாதவர்களைப் பிடிக்கிற லாரி வருகிறதென்று தெருமுனைச் சர்பத்துக்காரர் கையைத் தட்டினால் போதும், அடுத்த நிமிஷம் தெருவில் ஈ காக்கை இருக்காது. நான் மட்டும் கல்லுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்த கதை இது. என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குகிற வேலை. வேலை என்று பேருக்குத்தான் சொல்கிறேன். காலையில் போய்க் கூட்டத்தோடு நிற்க வேண்டும். கங்காணி விரலை நீட்டினால் அன்றைக்குச் சம்பளம், நீட்டாவிட்டால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அவருக்கு வரவர விரல் நீளவே இல்லை. மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, ஒரே பாட்டைப் பாடுவார்.

"கப்பல் ஏறிடுவோம். ஊர்ல அண்ணன் இருக்காரு. நம்மள விட்டுடுவாரா?"

அண்ணன் விடமாட்டார். அண்ணி இருக்கிறாளே! அவள் ஆக்கி வைத்த சோற்றுக்கு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு கையை நீட்டுவதா? நினைத்தாலே எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும்.

"நீங்க போங்க. நான் வரல," என்றேன் ஒரு நாள்.

"இங்கிருந்து என்ன பண்ணுவியாம்?"

"மசாலா அரைப்பேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு, நான் விளையாடவில்லை என்று தெரிந்ததும், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். கடைசியில் ஒரு கெடு வைத்தார். "தீபாவளி வரைக்கும் பாரு. தேறலைன்னா டிக்கெட் எடுத்துடுவேன். அப்புறம் மூச்சு விடக்கூடாது."

ஒரு மளிகைக் கடை வாசலில், தூணோரமாக இடம் கிடைத்தது. வாடகைக்குப் பதில் கடைக்காரர் வீட்டுக்கு நான் தினமும் அரைத்துக் கொடுத்துவிட வேண்டும். தேக்காவுக்கு வருகிறவர்கள் அத்தனை சாதியும் அத்தனை மொழியும். ஆனால் மசாலா வாங்கும்போது எல்லாரும் ஒரே மாதிரிதான் பேசுவார்கள். மிளகாய் இவ்வளவு, மல்லி இவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டார்கள். கிண்ணத்தை நீட்டி, மலாயில் "இக்கான், அம்பாட் ஓராங்," என்பார்கள். மீன் குழம்பு, நாலு பேருக்கு. அவ்வளவுதான் பேச்சு. மீதியெல்லாம் என் தலைவலி. ஆளின் முகத்தைப் பார்த்து, இது மலாய் வீட்டுக் குழம்பா, சீனர் வீட்டுக் குழம்பா, நம்மவர் வீட்டுக் குழம்பா என்று முடிவு பண்ணி அரைத்துக் கொடுக்க வேண்டும். ஒரு குழம்புக்கு அரைத்து வழித்ததும் கல்லைக் கழுவ வேண்டும். இல்லையென்றால் முந்தின ஆளின் மிளகாய் அடுத்த ஆளின் குருமாவில் ஏறிவிடும். கழுவிக் கழுவியே பாதி நாள் போகும். கை இரண்டும் ராத்திரியெல்லாம் எரியும்.

கழுவின தண்ணீர் சும்மா போகுமா? செக்கச்செவேலென்று அடுத்த தூணை நோக்கி ஓடும். அங்கே ஒரு கடையநல்லூர் அக்கா உட்கார்ந்திருந்தார். துலுக்க வீட்டு அம்மா, புருஷன் இல்லை, எனக்கு முன்னாலேயே அம்மி போட்டவர். அவருக்கும் எனக்கும் ஆகவே ஆகாது.

"ஏளா, ஒந் தண்ணிய அந்தப் பக்கமா ஊத்து. நாஞ் சேலைக்குச் சாயம் ஏத்தவா உக்காந்திருக்கேன்?"

"தெருவுல ஓடுற தண்ணிக்கு நான் கயிறு கட்டியா இழுக்க முடியும்?"

இப்படித் தொடங்கி, அவர் மசாலா கரகரப்பு என்று நானும், என் கல்லே புளித்த கல் என்று அவரும் வாடிக்கையாளர்கள் காதில் விழும்படி பேசி, பிறகு பேச்சே நின்றுபோயிற்று.

தீபாவளி நெருங்கியது. கத்தோங் பக்கம், மலாய்க்காரர் மாதிரிச் சமைக்கிற சீனரான நோன்யா வீடு ஒன்றில் கல்யாணம். அந்த வீட்டுச் சமையல்காரம்மா வந்து ஏழெட்டு விதமான குழம்புகளுக்கு மசாலா சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் காலையில் டின்களோடு வருவார். இதைச் சரியாக முடித்துவிட்டால் அவருடைய வாயாலேயே இன்னும் பத்து வீடு வரும். நான் தலைகால் தெரியாமல் மிளகாயை ஊறப்போட்டேன். என் வீட்டுக்காரரும் அன்றைக்குத் துறைமுகத்தில் வேலை இல்லாமல் வந்து, கடைப் படியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

சர்பத்துக்காரர் கையைத் தட்டினார். தெரு காலியாயிற்று. லாரியிலிருந்து ஒரு தமிழ்ப் பையன் இறங்கினான். காக்கிச் சட்டை, புது பூட்ஸ். வேலைக்குச் சேர்ந்து கொஞ்ச நாள்தான் இருக்கும்.

"அக்கா, எத்தனை தடவை சொல்றது? நடைபாதையை அடைச்சுக்கிட்டு உக்காரக்கூடாது லா."

"நான் எங்கடா தம்பி ஓட? கல்லைத் தூக்கிட்டுப் போறதுன்னா போ."

அவன் இரண்டு ஆட்களைக் கூப்பிட்டான். அவர்கள் குனிந்தார்கள், முக்கினார்கள், கல் முழங்கால் வரை வந்தது, திரும்பவும் தரைக்கே போயிற்று. கடை வாசல்களில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். என் வாய் என்றைக்கு மூடியிருந்தது?

"சோறு தின்னுட்டு வாங்கப்பா, நாளைக்குத் தூக்கலாம்," என்றேன்.

அந்தப் பையனின் முகம் கறுத்துவிட்டது. கீழே பார்த்தான். குனிந்து, கல்லை விட்டுவிட்டு, குழவியை மட்டும் எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "இதுக்கு நான் ஒருத்தன் போதும் லா," என்று லாரியில் ஏறிவிட்டான்.

குழவி இல்லாத அம்மி எதற்கு ஆகும்? வேறு குழவி வாங்கலாமே என்பீர்கள். கல்லும் குழவியும் சேர்ந்து தேய்ந்தவை. புதுக் குழவியை வைத்து உருட்டினால் மசாலாவில் மணல் கடிக்கும். கல்யாண வீட்டில் மணலைக் கொண்டுபோய்க் கொடுக்கவா?

படியில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர், நான்தான் அப்பவே சொன்னேனே என்கிற மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் முன்னால் அழுவதைவிடக் கப்பலில் ஏறிவிடலாம். மிளகாய்ப் பேசினைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று அடுத்த தூணுக்குப் போய், அந்த அக்காவின் முன்னால் வைத்தேன்.

"அக்கா, குழவியைக் கொண்டுபோயிட்டாங்க."

"பாத்தேன்."

"காலைல கல்யாண வீட்டுக்குக் குடுக்கணும். கூலியில பாதி உங்களுக்கு."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஒத்தையில முடியாது. உக்காரு. நீ உருட்டு, நா தள்ளிக் குடுக்கேன். கை வலிச்சா மாத்திக்கிடுவோம்," என்றார்.

இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். பழைய சண்டை தண்ணீரால் வந்தது என்பது இரண்டு பேருக்குமே ஞாபகம் இருந்தது. கல்லைக் கழுவினால் தண்ணீர் யார் பக்கம் ஓடும்? எதற்கு வம்பு என்று, ஏழெட்டுக் குழம்புக்கும் வேண்டிய மிளகாயை ஒரே மூச்சில் அரைத்து ஒரு தட்டில் குவித்தோம். பிறகு மல்லி மொத்தமும் ஒரு தட்டு. மஞ்சள் ஒரு தட்டு. மலாய்க்காரர்களும் நோன்யாக்களும் கேட்கிற லெங்குவாஸ் என்கிற அரத்தைக் கிழங்கு ஒரு தட்டு. கடைசியில் ஒவ்வொரு குழம்புக்கும் அதிலிருந்து இவ்வளவு, இதிலிருந்து இவ்வளவு என்று எடுத்துப் பிசைந்து வைத்தோம். விளக்கு வைப்பதற்கு முன்னாலேயே வேலை முடிந்துவிட்டது. என்னால் நம்பவே முடியவில்லை.

"ஏளா," என்றார் அக்கா திடீரென்று. "இன்னிக்கு நாம கல்லு எத்தன தடவ கழுவினோம்?"

ஒவ்வொரு குழம்புக்கும் கழுவியிருந்தால் விடிந்தே போயிருக்கும். சரக்கு மாறும்போது மட்டும்தான் கழுவியிருந்தோம். ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். இத்தனை நாளும் இது ஏனடி தோன்றவில்லை என்று நான் என் நெற்றியில் அடித்துக்கொண்டேன். அந்த அக்கா வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு சிரித்தார். அவர் சிரித்து நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கல்யாண வீட்டு டின்கள் நிறைந்து போயின. அபராதம் கட்டிக் குழவியை மீட்டுக்கொண்டு வந்தேன். வந்ததும் என் கல்லை நகர்த்தி அக்காவின் கல் பக்கத்தில் போட்டேன். அவர் கல்லில் மிளகாய் மட்டும். என் கல்லில் மல்லி மட்டும். ஒரு கல்லுக்கு ஒரு சரக்கு. கிண்ணத்தை நீட்டினவர் அடுத்த நிமிஷம் வாங்கிக்கொண்டு போகலாம். மஞ்சளுக்கென்று மூன்றாவதாக ஒருத்தி வந்தாள். அவள் புருஷனுக்கு பஸ் கம்பெனியில் வேலை போயிருந்தது. வெங்காயத்துக்கும் பூண்டுக்கும் இன்னொருத்தி வந்தாள். லாரி வந்தால் நாங்கள் ஓடுவதில்லை. குழவியை மடியில் வைத்து முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, நிறைமாசக்காரிகள் மாதிரி வரிசையாக உட்கார்ந்திருப்போம். மடியில் கையை வைக்க எந்த இன்ஸ்பெக்டருக்குத் துணிச்சல் வரும்? டின்களை அள்ளிக்கொண்டு போவார்கள், அபராதம் கட்டுவோம், மறுநாள் திரும்பவும் உட்காருவோம்.

தீபாவளியன்று என் வீட்டுக்காரர் டிக்கெட் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் மறந்தும் போகவில்லை. ஒவ்வொரு தடவை லாரி வந்துவிட்டுப் போனதும் ராத்திரி சோற்றுத் தட்டின் முன்னால் அது வந்துவிடும். "எத்தனை நாளைக்குத் தெருவுல குந்திக்கிட்டு அபராதம் கட்டுறது? பேசாம ஊருக்குப் போயிடுவோம்." அந்தப் பேச்சு ஆறு மாதம் அடங்கியிருக்கும், திரும்ப வரும்.

இதற்கிடையில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. மூட்டை தூக்க முடியாது என்றானதும் ஒரு சைக்கிளை வாங்கி, மசாலா டின்களைக் கட்டிக்கொண்டு கேலாங், கத்தோங், சில நாள் சாங்கி வரைக்கும் சமையலறை வாசல்களில் கொண்டுபோய்க் கொடுக்க ஆரம்பித்தார். ஆனால் பழைய கூட்டாளிகள் வழியில் கண்டு கேட்டால், "சும்மா, வீட்டுல ஒரு ஒத்தாசை," என்பார். ஒத்தாசையாம்! அவர் போகாவிட்டால் அத்தனை டின்னும் நாறிப்போகும். வேலை போன அவருடைய கூட்டாளிகளும் ஒவ்வொருவராக எங்களிடம் வந்தார்கள். மிளகாய் காம்பு கிள்ள ஒருவர், மல்லி வறுக்க ஒருவர், தண்ணீர் சுமக்க ஒருவர். எங்கள் யாருக்கும் சம்பளச் சீட்டு கிடையாது, லீவு கிடையாது. வெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நாங்கள் வேலை கிடைக்காதவர்கள். எங்களுக்கோ முதுகைச் சொறிய நேரமில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஓர் அறிவிப்பு வந்தது. தெருவில் விற்கிறவர்கள் எல்லாரும் பதிந்துகொள்ள வேண்டும், பதிந்தவர்களுக்கு லைசென்ஸும் இடமும் கிடைக்கும், மற்றவர்கள் தெருவைக் காலி செய்ய வேண்டும். கேட்டதும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. ராத்திரி படுத்தபோதுதான் பயம் வந்தது. எல்லா இடத்திலும் புருஷன் பேரைத்தான் எழுதுவார்கள். இவர் பேரில் எழுதினால் கடை இவருடையது. என்றைக்காவது கோபம் வந்தால் இவர் லைசென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிடலாம். தெருவில் இருந்தவரை யாரும் பிடுங்க முடியாத இடத்தை, லைசென்ஸ் வந்து பிடுங்கிக்கொள்ளுமா? அவரிடம் கேட்க வாய் வரவில்லை. ஊரையே வாயால் அடிக்கிற எனக்கு, அன்றைக்கு வரவில்லை.

பதிவு மேசையின் முன்னால் நீண்ட வரிசை. கீரைக்காரர், கடலைக்காரர், எங்களிடம் வேலைக்கு இருந்த துறைமுகக் கூட்டாளிகள், எல்லாரும் நின்றார்கள். எனக்கு முன்னால் அந்த அக்கா. அவருக்குப் புருஷன் இல்லாததால் கேள்வியே எழவில்லை. அவர் பேரையே எழுதிக்கொண்டார்கள். அடுத்து நாங்கள். மேசையில் உட்கார்ந்திருந்த அதிகாரி என்னைத் தாண்டி, பின்னால் நின்ற என் வீட்டுக்காரரைப் பார்த்தார்.

"வாங்கய்யா. மசாலாக் கடைதானே? உங்க பேரு சொல்லுங்க."

நான் திரும்பவில்லை. கழுத்து திரும்பவில்லை என்பதுதான் நிஜம். முந்தானை நுனியைக் கசக்கிக்கொண்டு மேசையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எம் பேரு எதுக்குங்க? கடை அவளோடது. நான் அவகிட்ட வேலை பாக்குறேன்."

பின்னால் அவருடைய கூட்டாளிகளில் யாரோ கெக்கெக்கே என்று சிரித்தார். அவர் திரும்பி அந்த ஆளைப் பார்த்து, "என்னப்பா சிரிப்பு? நீயும் அங்கதானே வேலை பாக்குற?" என்றார். சிரிப்பு நின்றது.

எனக்குக் கண் நிறைந்து மேசையே மங்கலாகிவிட்டது. சந்தோஷத்தில் நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது. அதிகாரி இப்போது என்னை நிமிர்ந்து பார்த்து, "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்டார்.

வரிசையின் கடைசியில் நின்றவருக்கும் கேட்கும்படி என் பேரைச் சொன்னேன்.