நூத்தி அறுபது வோல்ட்டு

மாப்ள, நேத்து லேப்டாப்ல ஒரு கிதார் ஆம்ப்ளிபயர் சாஃப்ட்வேர் போட்டேன். கிதார ஒரு வயர்ல சொருகுனா போதும், ஒலகத்துல இருக்க அத்தன ஆம்ப் சத்தமும் ஹெட்போன்ல வரும். அதுல ஓரமா ஒரு திருகு, கீழ ‘வோல்டேஜ்’னு எழுதியிருக்கான். எதுக்குடா இதுன்னு திருகிப் பாத்தேன். கொறைக்கக் கொறைக்க சத்தம் தளருது, இளகுது, ஓரமெல்லாம் மழுங்கி வருது. கரண்ட்டு கம்மியா வந்தா ஆம்ப் எப்படித் திணறுமோ, அந்தத் திணறல வேணும்னே செஞ்சு விக்கிறான். எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. கன்னிவாடிப் பக்கம் ஒரு மோட்டார் ரூம்ல எங்களுக்கு ஓசியா கெடைச்ச சமாச்சாரம் அது.

சிரிச்சது சரி, அதுக்கப்புறம் ஒக்கார முடியல. எந்திரிச்சு வாசல் வரைக்கும் போறேன், திரும்ப வந்து திருகுறேன். அந்த சத்தம் வருது. ஆனா வரல. புரியுதா?

மொத விசயம், இதுல வாசன இல்ல. வால்வு ஆம்ப்ப ஆன் பண்ணா முதல்ல வர்றது சத்தம் இல்ல மாப்ள, வாசன. பழைய ரேடியோவுக்குள்ள பல்பு மாதிரி எரியுமே, அந்த வால்வு கண்ணாடி மேல படிஞ்ச தூசி கருகும். அப்புறம் டிரான்ஸ்பார்மர் சூடாகி, அதுல பூசுன வார்னிஷ் லேசா மணக்கும். அந்த வார்னிஷ் வாசன வந்தாத்தான் முத்துப்பாண்டி கிதார் வயரக் கையில குடுப்பான். அது வரைக்கும் தொட விடமாட்டான். “செத்த இரு, இன்னும் முழிக்கல”ம்பான்.

முத்துப்பாண்டி காலேஜ்ல என் பெஞ்சு. அவங்க வீட்டுல கத்திரி, வெங்காயம் போடுற காடு. எங்க செட்டுல மூணே பேரு. ஆம்ப் கட்டுறது அவன். கிதார் பிரின்ஸி, திண்டுக்கல் டவுனு. சர்ச்சுல ஞாயித்துக்கெழம அம்புட்டு பவ்யமா வாசிப்பா, வெளிய வந்தா கம்பிய அறுக்குற மாதிரி அடிப்பா. நான் பேஸ். பேஸுன்னா தெரியும்ல, கிதார் வரலன்னா கையில குடுப்பாங்களே, அது.

ஆம்ப் வந்த கதையே ஒரு கூத்து. அவன் மாமா மைக்செட் வச்சிருந்தாரு. அவரு வீட்டுக் கோழிக்கூண்டுப் பக்கத்துல பழைய வால்வு ஆம்ப்ளிபயர் ஒண்ணு துரு ஏறிக் கெடந்துச்சு. திருவிழாவுல ‘காணாமப் போன கொழந்தய மேடைக்கு வந்து கூட்டிட்டுப் போங்க’ன்னு சொல்றதுக்குன்னு செஞ்ச பொட்டி. அதத் தூக்கிட்டு வந்து, கர்ர்ருனு கத்துற ஹை கெயின் கிதார் ஆம்ப்பா மாத்த ஒக்காந்துட்டான்.

ஹை கெயினுன்னா பெரிய வித்தயெல்லாம் இல்ல. ஒரு வால்வு சத்தத்தப் பெருசாக்கி அடுத்த வால்வு தலையில கொட்டும். அது தாங்காம பிதுங்கும். அந்தப் பிதுங்கல்தான் நம்ம கேக்குற கர்ர்ர். சொரண உள்ளவன் மூணு நாலு வால்வோட நிப்பாட்டுவான், முத்து அஞ்சு போட்டான். சத்தம் விறைப்பா நிக்கணும்னா பவர் சப்ளைக்கு டயோடு போடணும், இவன் அதுக்கும் பழைய ரேடியோவுல புடுங்குன வால்வையே போட்டான். இரைச்சலக் கொறைக்க ட்யூப்லைட் சோக்கு. ஸ்பீக்கர் பொட்டிக்கு, ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்குத் தக்காளி போற பெட்டிப் பலகை. படம் எடுத்து நெட்டுல போட்டா, எவனோ ஒரு வெள்ளக்காரன் ‘இது ஆம்ப்பா, விபத்தா’ன்னு கேக்குறான். முத்து அதுக்கு ஹார்ட்டு போட்டான்.

வீட்டுல வச்சுக் கத்த விடமாட்டாங்க. அதனால எல்லாமே காட்டு மோட்டார் ரூம்லதான். மும்முனைக் கரண்ட்டு வந்தாத்தான் அங்க பிளக்குல உசிரு வரும். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் வரும். அவங்கப்பா வந்து ஸ்டார்ட்டர ‘டக்’குன்னு போடுவாரு. கரண்ட்டு கம்மியா இருந்தா ஸ்டார்ட்டர் தானா விழுந்துரும். மோட்டார் எரியக் கூடாதுன்னுதான் அப்படிச் செஞ்சு வச்சிருக்கான். ஆனா விழுந்துக்கிட்டே இருந்தா தண்ணி எப்பப் பாய்ச்சுறது? அதுனால அவரு ஒரு வேப்பங்குச்சிய செருகி, விழாம முட்டுக் குடுத்துட்டுப் போயிருவாரு. அந்தப் பக்கம் எல்லாக் காட்டுலயும் இந்தக் குச்சி உண்டு. மோட்டார் பாட்டுக்கு ஓடும், எங்களுக்கு டிரம்மர் இல்லாத கொறைய அது தீத்துச்சு.

அந்த ரூம்ல அந்தப் பொட்டி போட்ட சத்தம் இருக்கே, எழுதி ஆகாது. ஒரு கார்டு அடிச்சா முதல்ல அமுங்கும். அப்புறம் மெல்ல உப்பும், தோசமாவு பொங்குற மாதிரி. கர்ர்ருனு இருக்கும், ஆனா காத அறுக்காது. சில நேரம் தானா ஒரு குனி குனிஞ்சு நிமிரும். வால்வு மூச்சு வாங்குதுன்னு பேசிக்குவோம். மூணு பேரும் எஞ்சினியரிங் மாப்ள. அதுல அவன் எலக்ட்ரிக்கல்.

போன்ல ரெக்கார்டு பண்ணோம். கேட்டா மிக்ஸி ஓடுற மாதிரி இருக்கு.

கடைசி செமஸ்டர்ல முத்துவுக்கு வேடசந்தூர் மில்லுல டிரெய்னி வேல வந்துச்சு. அதே நேரம் கோயம்புத்தூர்ல ஆம்ப் ஒர்க் ஷாப் வச்சிருக்க ஒரு அண்ணன் நெட்டுல பழக்கமாயிட்டாரு. எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸுக்கு ஜட்ஜா வாராரு. உன் பொட்டியக் கேக்குறேன், புடிச்சா என்கூட வந்து வேல பாருன்னு சொல்லிட்டாரு. கல்ச்சுரல்ஸ் சனிக்கெழம. மில்லுல சேர வேண்டியது திங்கக்கெழம. சனிக்கெழம பொட்டி பேசிருச்சுன்னா திங்கக்கெழம மில் பஸ்ஸு ஏறமாட்டேன்னு வீட்டுலயும் சொல்லிட்டான்.

சனிக்கெழம மேடையில ஆன் பண்ணோம். வாசன வந்துச்சு. பிரின்ஸி முதல் கார்டு அடிச்சா. தகரத்த ரம்பத்துல இழுத்த சத்தம். கைய எடுத்தா கீச்சுனு கத்துது. அவ நிப்பாட்டாம அடிச்சா, கூட்டம் ஊளையிட்டுச்சு. சவுண்டுக்காரரு எங்க பொட்டிக்குப் போற கரண்ட்ட அமத்திட்டாரு. சத்தமே இல்லாத கிதார முழுப் பாட்டுக்கும் வாசிச்சுட்டுத்தான் எறங்குனா. முத்து மேடைக்குப் பின்னாடி ஒவ்வொரு சோல்டரிங்கையும் டார்ச்சு அடிச்சுப் பாத்துட்டு இருந்தான். அந்த அண்ணன் வந்து அவன் தோள்ல கை வச்சாரு.

“கெயின் இருக்குதுங்க தம்பி. டோன் எங்கீங்க?”

திட்டுனா கூடப் பரவால்ல மாப்ள. அம்புட்டு மரியாதையா கேட்டுட்டு டீ குடிக்கப் போயிட்டாரு.

ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு பிரின்ஸி என்னய ஸ்கூட்டியில ஏத்திக்கிட்டுக் கன்னிவாடிக்கு விட்டா. முத்து மோட்டார் ரூம்ல பொட்டிய ஸ்க்ரூ ஸ்க்ரூவா கழட்ட ஒக்காந்துட்டான். ஒரே ஒருவாட்டி வாசிச்சுக்குறேன், அப்புறம் கழட்டுன்னு சொல்லி இவ வயரச் சொருகுனா. கரண்ட்டு வந்துச்சு. அவங்கப்பா ஸ்டார்ட்டரப் போட்டு, குச்சிய செருகிட்டு, கத்திரிக்குத் தண்ணி திருப்பப் போயிட்டாரு. இவ கார்டு அடிச்சா.

அதே சத்தம். அமுங்கி, உப்பி, அதே தோசமாவு.

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்குறோம். எனக்கு மேல குண்டு பல்பு கண்ணுல பட்டுச்சு. பழுத்த நார்த்தங்கா கலர்ல எரியுது. பக்கத்துக் காட்டுல மோட்டார் போட்டாங்க போல, பல்பு இன்னும் மங்குச்சு, அதே நேரம் கிதார் ஒரு குனி குனிஞ்சு நிமிந்துச்சு.

“ஏலே, பல்பப் பாரு”ன்னேன்.

முத்து மீட்டர எடுத்துப் பிளக்குல வச்சான். நூத்தி அறுபது. இருநூத்தி முப்பது வர வேண்டிய எடத்துல. அப்படியே சுவத்துல சாஞ்சு சிரிக்க ஆரம்பிச்சுட்டான். மாசக்கணக்கா காதால கேட்டுக் கேட்டு மாத்துன ஒவ்வொரு பார்ட்டும் அந்த நொண்டிக் கரண்ட்டுக்குப் பொருந்துனது. காலேஜ்ல ஜெனரேட்டர் வச்சு முழுக் கரண்ட்டு குடுத்தான், பொட்டி பேய் புடிச்சு ஆடிருச்சு.

“நான் டியூன் பண்ணது ஆம்ப்ப இல்லடா. எங்க ஊரு லைன.”

பிரின்ஸி கைய நிப்பாட்டாமலே, அந்த அண்ணனுக்கு இப்பவே போனப் போடு, ஊருக்குப் போறதுக்குள்ள இந்த ரூமுக்கே வரச் சொல்லுன்னா. முத்து கைய லுங்கியில தொடச்சுட்டுப் போன எடுத்தான். நம்பர் கூட எடுத்துட்டான். வார்னிஷ் வாசன வந்துச்சு. எப்பவும் வர்றதுதான். ஆனா இது கூடுதலா இருந்துச்சு, மூக்குல ஏறுச்சு.

வரப்புல இருந்து அவங்கப்பா கத்துறாரு: “ஏலே, எரியுற வாட வருது. ஒம் பொட்டிய நிப்பாட்டு.”

முத்து பிளக்கப் புடுங்குனான். டிரான்ஸ்பார்மர் மேல உள்ளங்கைய வச்சான். செத்த நேரம் வச்சுக்கிட்டே இருந்தான்.

“அப்பா, இது இல்ல.”

மோட்டார் சத்தம் மாறி முனகிட்டு இருந்துச்சு. பக்கவாட்டுல புகை. அவரு ஓடி வந்து குச்சியப் புடுங்குனாரு. மோட்டார் காயில் கருகிப் போயிருச்சு. காட்டுல பாதி கத்திரிக்குத்தான் தண்ணி பாஞ்சிருந்துச்சு, அதுவும் பூ புடிச்ச நேரம். எங்க மூஞ்சி எப்படி இருந்துச்சோ, அவரு பிரின்ஸியப் பாத்து, “நீ வாசிச்சதுனால இல்ல பாப்பா. இப்படிக் கரண்ட்டு வந்தா அது என்ன பண்ணும், வருசத்துக்கு ஒருக்கா எரியத்தான் செய்யுது”ன்னாரு. எங்களுக்கு சமாதானம் சொல்றாரு மாப்ள, மோட்டாரப் பறிகுடுத்த மனுசன்.

முத்து போன பைக்குள்ள போட்டுட்டு ஸ்பேனர எடுத்தான். மோட்டாரக் கழட்டி, மொபெட்டுல கட்டி, திண்டுக்கல்லுக்குக் காயில் கட்டக் கொண்டு போனோம். கடை வாசல்ல வச்சு, அந்த அண்ணனக் கூப்புடலயான்னு கேட்டேன்.

“என்னன்னு கூப்புடுறது? எங்கப்பா மோட்டாரு எரியுற அன்னிக்கு வாங்கண்ணே, டோன் செமயா இருக்கும்னா?”

திங்கக்கெழம மில் பஸ்ஸு ஏறிட்டான்.

நானும் பிரின்ஸியும் விடல. காலேஜ் லேப்ல கரண்ட்டக் கூட்டிக் கொறைக்கிற டிம்மர்ஸ்டாட்ல பொட்டிய மாட்டி, நூத்தி அறுபதுல நிப்பாட்டிப் பாத்தோம். அந்த சத்தத்துக்குப் பக்கத்துல வந்துச்சு. ஆனா நிப்பாட்டுன எடத்துலயே நின்னுச்சு. குனியல, நிமிரல. பக்கத்துக் காட்டுக்காரர் மோட்டார் போடுறதுக்கெல்லாம் டிம்மர்ஸ்டாட்டுல திருகு இல்ல. இப்ப பிரின்ஸி ஓசூர்ல, வேலைக்குப் போயிட்டா.

முத்து மில்லு லீவு நாளுல எல்லாம் சுத்துக்காட்டுக்காரங்களக் கூட்டிக்கிட்டு இபி ஆபீஸுக்கு நடந்தான். காட்டு லைனுக்குப் புது டிரான்ஸ்பார்மர் வேணும்னு. எம்புட்டு தடவ போனான்னு அவனுக்கே தெரியாது. கடைசியில வந்துருச்சு. வந்த அன்னிக்கு எனக்கு மீட்டர் போட்டோ அனுப்புனான், 231. நானும் ஹார்ட்டு போட்டேன். வேற என்ன போடுறது?

நேத்து அந்தத் திருகத் திருகுனதுல இருந்து இருப்புக் கொள்ளல. இன்னிக்கு மத்தியானம் கிதார மாட்டிக்கிட்டு, வண்டிய எடுத்துட்டு மோட்டார் ரூமுக்கே போயிட்டேன். முத்து ஷிப்ட்டுல இருந்தான். பொட்டி மூலையில சாக்கு மூடிக் கெடந்துச்சு. அவங்கப்பா ஸ்டார்ட்டரப் போட்டாரு. குச்சி இல்ல. பொட்டிய ஆன் பண்ணிட்டுக் காத்திருந்தேன். தூசி கருகுற வாசன, அப்புறம் வார்னிஷ். முழிச்சிருச்சு. கார்டு அடிச்சேன்.

தகரம். ரம்பம்.

அவரு சத்தத்தக் கண்டுக்கவே இல்ல. மேல கைய காட்டுனாரு, மொகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா அப்பு, இப்ப சுத்தி ஆறு மோட்டாரு ஓடுது. பல்பு அசையுதா பாரு.”

நல்லா இருக்குப்பான்னேன். பளீர்னு எரியுது. நான் இன்னொரு கார்டு அடிச்சுட்டு, பல்பையே பாத்துக்கிட்டு நின்னேன். அசையல.