ஒரு ஜாயின்ட், இரண்டு படங்கள்

பிலிம் விலை மறுபடியும் ஏறிவிட்ட செய்தியை எங்கள் முதலாளி டார்க்ரூம் கதவைத் தட்டிச் சொன்னார். பிலிம் டெவலப்பரில் கிடந்ததால் நான் திறக்கவில்லை. வெளியே நின்றபடியே பேசினார்.

"நஜ்மா, பிலிம்ல பூசுற வெள்ளி வெல ஏற ஏற கம்பெனிக்காரனுங்களும் ஏத்திக்கினே போறானுங்க. பார்ட்டி ரேட்ட கூட்ட மாட்டேன்றான். பிலிமுக்கு பதிலா டிஜிட்டல் பேனல் ஒண்ணு வாடகைக்கு எடுத்துட்டேன்மா."

திருவொற்றியூரில் வெல்டிங்கைப் பரிசோதிக்கும் சின்ன கம்பெனி எங்களுடையது. நீராவி ஓடப்போகும் குழாய்களின் ஜாயின்ட்டுகளைக் கதிர்வீச்சால் படம் பிடிப்போம். ஆஸ்பத்திரி எக்ஸ்ரே மாதிரிதான். ஆளுக்குப் பதில் இரும்பு. பிலிமைக் கழுவி, வெளிச்சத்தில் வைத்துப் பார்த்து, தேறுமா தேறாதா என்று கையெழுத்துப் போடுவது என் வேலை.

அன்றிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பேனலில் படம் நேராகக் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். அப்புறம் டார்க்ரூம் எதற்கு, நான் எதற்கு? கன்டெய்னர் லாரிகள் நிற்கும் ரோட்டுக்கு டீ குடிக்கப் போவேன். பாதியிலேயே வைத்துவிட்டுத் திரும்பி வருவேன்.

பேனலை முதலில் எர்ணாவூரில் குழாய் வெல்டிங் நடக்கும் ஒரு யார்டில் வைத்துப் பார்த்தோம். திரையில் ஒரு ஜாயின்ட்டின் நடுவே மெல்லிய கறுப்புக் கோடு தெரிந்தது.

"கிராக் மாதிரி கீதுக்கா," என்றான் பேனல் ஆபரேட்டர் பிரகாஷ்.

அந்த ஜாயின்ட்டைப் போட்டவன் வெல்டர் நெட்டுக்குப்பத்து மாரி. பல வருடமாக எனக்குத் தெரியும். அவன் ஜாயின்ட் தேறாமல் போனது அபூர்வம்.

"இன்னாக்கா இது? மிஷின்ல கீற கோட்ட என் வெல்டுல கீதுன்றான். இத ரிஜெக்ட் பண்ணா பைப் வேலைலேர்ந்தே தூக்கிடுவாங்கக்கா. உன் பிலிம்ல ஒருதபா பாரேன்."

எனக்கும் அதுதான் வேண்டியிருந்தது. பேனல் தப்பு என்று ஆகிவிட்டால் மாரி பிழைப்பான், நானும் பிழைப்பேன். முதலாளிக்குப் போன் செய்தேன். "ஒரே ஒரு பிலிம்தான், வீணாக்காத," என்றார். சாப்பாட்டு நேரத்தில் ஆட்களை அப்புறப்படுத்தி, கயிறு கட்டி, படம் எடுத்தோம். ஆபீசுக்குக் கொண்டுவந்து நானே கழுவினேன்.

பிலிம் சுத்தமாக இருந்தது. கோடே இல்லை.

மாரிக்குச் சொல்லப் போனைக் கையில் எடுத்தேன். நம்பரை அழுத்துமுன் ஒன்று நினைவுக்கு வந்தது. கதிர் விழும் கோணம் கொஞ்சம் மாறினாலும் மெல்லிய விரிசல் பிலிமில் படாமல் போகும். நான் புதியவர்களுக்குப் பலமுறை சொன்ன விஷயம் அது. நாளைக்கு அந்தக் குழாயில் நீராவி ஏறும். பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள். போனை வைத்துவிட்டு ஆட்டோ பிடித்து எர்ணாவூருக்கே திரும்பினேன்.

"பிலிம்ல ஒண்ணும் இல்ல மாரி. இருந்தாலும் தேய்ச்சுப் பாத்துடலாம்."

அவன் முகம் மாறிவிட்டது. "நல்லா கீதுன்னு நீயே சொல்ற, நீயே தேய்க்கச் சொல்றியேக்கா. என் பொழப்புல ஏன் கை வைக்கிற?"

அவனே கிரைண்டரை எடுத்துத் தேய்த்தான். கோபத்தில் மாஸ்க்கைக்கூட மாட்டவில்லை. வெல்டை ஆழமாகத் தேய்த்ததும், பிரகாஷ் விரிசலைக் காட்டிக்கொடுக்கும் சிவப்பு மருந்தைத் தடவி, துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தான். கொஞ்ச நேரத்தில் வெள்ளையின்மீது சிவப்பாக ஒரு முடி அளவு கோடு ஊறிவந்தது.

மாரி கீழே உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: "வெல்டிங் ராடு சூடு பண்ற ஓவன் ரிப்பேராகி கெடக்குதுக்கா. ஈர ராடுலதான் ஓட்ட சொன்னாங்க. அதான் விரிசல் வுட்டுகீது."

அதை யார்டு மேனேஜரிடம் நானும் கூட நின்று சொன்னேன். ஓவனைச் சரிசெய்யும்வரை வெல்டிங்கை நிறுத்தினார்கள். மாரியை வேலையை விட்டு எடுக்கவில்லை. அந்த ஜாயின்ட்டை அவனே மறுபடி போட்டான். என்னோடு பேசத்தான் கொஞ்ச நாள் ஆயிற்று.

விரிசல் தெரிந்த மறுநாளே பிரகாஷ் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எனக்கும் இந்த பேனல கத்துக்குடுப்பா," என்றேன். இன்னும் தடுமாறிக்கொண்டுதான் இருக்கிறேன். வேலை நிலைக்குமா என்ற கவலையும் போகவில்லை.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பிலிமோ திரையோ, நீங்கள் ஆசைப்பட்ட பதிலையே அது காட்டினால், கையெழுத்துப் போடுவதற்கு முன் இன்னொரு தடவை பாருங்கள்.