சீனப் பட்டம் செல்லுமா என்று யாரைக் கேட்பது?

கூலிக்கு நாற்றுப் பறித்தவன் நான். மிராசுதாரோடு மல்லுக்கு நின்று குத்தகைப் பதிவு வாங்கினேன். பாபநாசம் பக்கம் நஞ்சை, மாடி வீடு, அரிசி ஆலை எல்லாம் ஐந்தாம் வகுப்புப் படிப்போடு நான் உண்டாக்கியவை.

பேத்தி கயல்விழிக்குச் சீனாவில் பொறியியல் முடித்து, ஜெர்மனியில் மேற்படிப்புப் படிக்க ஆசை. ஏஜென்ட் ஒருவர் சீனாவில் ஒரு கல்லூரியைக் காட்டினார். எனக்கு அவர் சிரிப்பே பிடிக்கவில்லை.

"அந்தப் பட்டம் எல்லா நாட்டுலயும் செல்லும்னு அவரே சொல்றாரு மாமா" என்றார் கயலின் அப்பாவான என் மருமகன்.

"விக்கிறவரு வேற என்ன மாப்ள சொல்வாரு?"

"இது வயக்காடு இல்ல, படிப்பு. நீங்க சும்மா இருங்க."

நான் சும்மா இருக்கவில்லை. வயல் வாங்கும்போது விற்பவரை நான் கேட்பதே இல்லை. யார் வயல் வழியாகத் தண்ணீர் வர வேண்டுமோ, அந்த மேல் வயல்காரரைத்தான் கேட்பேன். அவர் மடை திறக்காவிட்டால் பத்திரம் கையில் இருந்தும் பயிர் கருகும்.

"உனக்கு மேற்படிப்புக்கு இடம் குடுக்கப்போற ஜெர்மனி பல்கலைக்கழகத்துக்காரங்களையே கேளும்மா" என்று பேத்தியைப் போனில் பேச வைத்தேன். ஏஜென்ட் காட்டிய கல்லூரியின் பட்டத்தை ஏற்க மாட்டோம், அதே ஊர் அரசுப் பல்கலைக்கழகத்தின் பட்டம் என்றால் ஏற்போம் என்றார்கள். சீனப் பட்டம் எதுவுமே செல்லாது என்று நான் நினைத்திருந்ததும் தவறுதான். கயல் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தாள்.

இப்போது யார் பிள்ளை வெளிநாடு கிளம்பினாலும், பிறகு சேர நினைக்கும் பல்கலைக்கழகத்தையும் வேலை தரும் கம்பெனியையும் முதலில் கேட்கச் சொல்கிறேன்.

ஆனால் கயலை வாழ்த்தி ஊரில் வைத்த பேனரில் மருமகன் படம்தான் பெரிதாக இருக்கிறது. பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றியவன் நான். பேனரை மாற்றி என் படத்தையும் போட வேண்டும்.