திருப்பிப் போட்ட இலை

ஐந்தருவிப் பாறையில் வழுக்கித் தலையில் அடிபட்டதிலிருந்து என் அண்ணனுக்கு இடப்பக்கம் இருப்பது எதுவும் தட்டுப்படவில்லை. அதை அவன் ஒத்துக்கொள்ளவும் இல்லை. பஸ் டிரைவரான அவன், நாளைக்கே மலைப்பாதையில் வண்டி எடுப்பேன் என்று அடம்பிடித்தான்.

“வாதாடாதே. ஏதாவது வேலை கொடுத்து, குறையை அவனையே பார்க்க வை” என்றிருந்தார் டாக்டர். உடனே செய்துபார்க்கத் துடித்தேன். சாப்பாட்டை அவனையே பரிமாறிக்கொள்ளச் சொன்னேன். சோறு, அவியல் எல்லாம் இலையின் வலப்பாதியில் குவிந்தன.

“எல்லாம் வச்சாச்சு. ஏலே காலேஜ் தொரை, எனக்குப் பரிச்சை வைக்கியோ?” என்று சிரித்தான்.

சோறு அவனுக்கு இடப்பக்கம் வரும்படி இலையை அப்படியே சுற்றித் திருப்பினேன்.

“சோறு எங்கலே?”

விளையாடுகிறான் என்று நம்பப் பார்த்தேன். பிறகு அவன் வலக்கையைப் பிடித்து, இடப்பக்கச் சோற்றில் வைத்தேன். மெல்லத் தலையைத் திருப்பி அதையே பார்த்தான்.

“அப்ப ரோட்டுலயும் பாதி எனக்குத் தெரியாதோலே?”